வெளிநாட்டில் வேதபாடக் குழு நடத்துவது எப்படி? புதிய மிஷனெரிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வேற்று நாட்டில் நான் முதன்முதலாக நடத்திய வேதபாடக் குழு ஏழே வாரத்தில் கலைந்துபோனது. யாரும் சண்டையிடவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. வாரம் ஒருவராகக் குறைந்தார்கள், அவ்வளவுதான். பின்னர் உட்கார்ந்து யோசித்தபோது, செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவற்றை நான் செய்திருந்தேன் என்பதும், அவற்றைத் தலைகீழான வரிசையில் செய்திருந்தேன் என்பதும் விளங்கின. எனக்குப் பின் வந்த புதிய ஊழியர்கள் பலரும் அதே இடங்களில் இடறியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே உள்ள படிகளை அவற்றின் வரிசையிலேயே எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. விசாவையும் சட்டத்தையும் முதலில் பாருங்கள்

பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: உங்கள் விசா மதப்பணியை அனுமதிக்கிறதா என்பது ஒன்று, அந்நாட்டில் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிப்பது சட்டத்தின் பார்வையில் என்ன என்பது மற்றொன்று. இவ்விரண்டும் நாட்டுக்கு நாடு வெகுவாக வேறுபடும்.

ஜப்பானில் மதப்பணிக்கென்றே தனி வசிப்புரிமை வகை உண்டு. அமெரிக்காவில் மதப்பணியாளர்களுக்கான ஆர்-1 விசா முதலில் 30 மாதங்கள் வரையும், மொத்தமாக 5 ஆண்டுகள் வரையும் கிடைக்கும். நேபாளத்திலோ 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2017-இல் இயற்றப்பட்ட குற்றவியல் சட்டம் அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும், வெளிநாட்டவரானால் தண்டனைக்குப்பின் நாடு கடத்தலும் விதிக்கிறது. ரஷ்யாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், மிஷனெரிப் பணியை எங்கே, யார், எந்த ஆவணத்தோடு செய்யலாம் என்பதைக் கடுமையாக வரையறுத்துவிட்டது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, ‘சுற்றுலா விசாவில் போய் நண்பர்களோடு வேதம் வாசிப்பதில் என்ன குற்றம்?’ என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது. ஆபத்து உங்களுக்கு மட்டுமானால் அது உங்கள் விருப்பம். ஆனால் உங்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். வீட்டைத் திறந்துகொடுத்த உள்ளூர்க் குடும்பம்தான் காவல் நிலையத்துக்கு அலைய வேண்டும். எனவே அந்நாட்டின் குடிவரவுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தில் ஆலோசனை பெறுங்கள். ஏற்கெனவே அங்கே இருக்கும் மிஷனெரி சொல்லும் ‘இங்கே யாரும் கேட்பதில்லை’ என்ற உறுதிமொழி ஆலோசனை ஆகாது.

2. உள்ளூர் சபையில் ஓர் உறுப்பினராய் உட்காருங்கள்

போய்ச் சேர்ந்த பிறகு, குறைந்தது மூன்று மாதங்களுக்கு எதையும் நடத்தாதீர்கள். உள்ளூர் சபை ஒன்று இருக்குமானால் அதன் போதகரைச் சந்தித்து, நீங்கள் யார், உங்களை அனுப்பியது எந்தச் சபை, எத்தனை காலம் இருப்பீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லி, பின்வரிசையில் அமர்ந்து கேளுங்கள்.

இதற்குக் காரணம் உண்டு. அந்த ஊர் விசுவாசிகள் எப்படி ஜெபிக்கிறார்கள், மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கிடுவாரா, ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் அமர்கிறார்களா, வேதாகமத்தைத் தரையில் வைத்தால் முகம் சுளிக்கிறார்களா என்பனவெல்லாம் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்காத பாடங்கள். பின்வரிசையிலிருந்து பார்த்தால் மட்டுமே அவை கண்ணில் படும்.

போதகருக்குத் தெரியாமல் அவருடைய சபையாரைக் கொண்டே குழு தொடங்குவது பல இடங்களில் நடக்கிறது. நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், உள்ளூரில் அதற்குப் பெயர் ஆடு திருடுதல். ஒருமுறை அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் மிஷனெரிக்கும் சேர்த்தே கதவு மூடிவிடும்.

3. மொழியில் எந்த நிலையை எட்ட வேண்டும்?

சரளமாகப் பேசும் நாளுக்காகக் காத்திருந்தால் பாதி ஊழியக்காலம் போய்விடும். நான் பின்பற்றும் அளவுகோல் எளியது: ஒரு வேதபகுதியை வாசித்து, புத்தகத்தை மூடி, அந்நிகழ்ச்சியை உங்கள் சொந்த வார்த்தைகளில் அந்த மொழியில் சொல்ல முடிய வேண்டும், கேட்டவர் திருப்பிக் கேட்கும் கேள்வி உங்களுக்குப் புரியவும் வேண்டும். இரண்டாவதுதான் கடினம். பேசுவதற்கு முன்கூட்டியே மனப்பாடம் செய்யலாம். மற்றவர் கேட்கப்போவதை மனப்பாடம் செய்ய முடியாது.

சொற்பொருளில் தனிக் கவனம் வேண்டும். தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர், வேதாகமத்தில் ‘பாவம்’ என்று வாசித்துவிட்டுத் தெருவில் இறங்கினால், தடுக்கி விழுந்த குழந்தையைப் பார்த்து எல்லாரும் ‘ஐயோ பாவம்’ என்பார்கள். அவருக்குத் தலை சுற்றத்தானே செய்யும்! இதே குழி எல்லா மொழிகளிலும் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் பாவத்தைக் குறிக்கும் ‘ட்சுமி’ என்னும் சொல்லே சட்டப்படியான குற்றத்தையும் குறிக்கும். ஆகவே எல்லா மனிதரிடமும் ட்சுமி உண்டு என்றால், எந்தச் சட்டத்தையும் மீறாதவர் ‘நான் என்ன குற்றம் செய்தேன்?’ என்றுதான் கேட்பார்.

ஆகையால் ஒரு குறிப்பேட்டில் பாவம், கிருபை, விசுவாசம், இரட்சிப்பு, பரிசுத்தம், ஆவி முதலிய இருபது சொற்களை எழுதுங்கள். ஒவ்வொன்றையும் கிறிஸ்தவரல்லாத மூன்று பேரிடம், ‘இந்தச் சொல்லை வீட்டில் எப்போது பயன்படுத்துவீர்கள்?’ என்று கேட்டு, பதிலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். அகராதியைப் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

4. வேதாகமப் பதிப்பைத் தீர்மானியுங்கள்

குழுவில் எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பை வைத்திருக்க வேண்டும். ஒருவரிடம் பழையதும் மற்றொருவரிடம் புதியதும் இருந்தால், ஒரு மணி நேரத்தில் கால் பங்கு ‘என்னுடையதில் வேறு மாதிரி இருக்கிறதே’ என்பதிலேயே கரையும்.

எந்தப் பதிப்பு என்பதை நீங்கள் முடிவு செய்யாமல் உள்ளூர் சபையிடம் கேளுங்கள். சீன மொழியில் 1919-ஆம் ஆண்டின் யூனியன் மொழிபெயர்ப்பு, கடவுளைக் குறிக்க ‘ஷென்’ என்று ஒரு பதிப்பாகவும் ‘ஷாங்தி’ என்று ஒரு பதிப்பாகவும் அச்சிடப்படுகிறது. கொரிய மொழியில் சீர்திருத்த சபையார் ‘ஹனனிம்’ என்பதையே கத்தோலிக்கர் ‘ஹனுனிம்’ என்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இவை அற்ப வேறுபாடுகள். உள்ளே இருப்பவர்களுக்கு, நீங்கள் எந்தப் பக்கத்தவர் என்பதை முதல் வரியிலேயே காட்டிக்கொடுப்பவை.

எண் மாற்றமும் இடறச் செய்யும். ரஷ்ய மொழியின் வழக்கமான வேதாகமத்தில் நம் 23-ஆம் சங்கீதம் 22-ஆம் சங்கீதமாக இருக்கும். ஜெர்மானிய லூத்தர் வேதாகமத்தில் சங்கீதத் தலைப்புகளும் வசனமாக எண்ணப்படுவதால், சுத்த இருதயத்துக்கான ஜெபம் 51:10-இல் இல்லாமல் 51:12-இல் கிடைக்கும். ஒரு நாள் எட்டுப் பேர் முன்னிலையில் நான் அறிவித்த சங்கீதமும் அவர்கள் திறந்த சங்கீதமும் வேறாய்ப் போய், அவர்கள் மரியாதைக்காக அமைதியாகவே வாசித்து முடித்தார்கள். முந்தின இரவே அவர்களுடைய பதிப்பில் திறந்து பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

5. எந்த நூலிலிருந்து தொடங்குவது?

வேதாகமத்தைத் தொட்டே இராதவர்களுக்கு நான் மாற்கு சுவிசேஷத்தைத்தான் எடுக்கிறேன். 16 அதிகாரங்களே உள்ள சிறிய நூல் என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், யூத வழக்கங்கள் தெரியாத வாசகர்களை நினைத்து அது எழுதப்பட்டிருப்பது: 7-ஆம் அதிகாரத்தில் கைகழுவும் முறைமை என்னவென்று நின்று விளக்குகிறது, ‘தலீத்தாகூமி’, ‘எப்பத்தா’ போன்ற அரமேயச் சொற்களுக்குப் பொருள் சொல்கிறது. மத்தேயுவிலோ முதல் 17 வசனங்களும் வம்ச வரலாறு. ஆபிரகாம் யாரென்று அறியாதவருக்கு அது பெயர்ப்பட்டியல் மட்டுமே.

ஆனால் முன்னோரின் பெயர்களை மனப்பாடமாய்ச் சொல்லும் வழக்கமுள்ள சமுதாயத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகலாம். அங்கே அந்த 17 வசனங்கள்தான் ‘இவருக்கு வேர் இருக்கிறது’ என்ற நம்பிக்கையைத் தரும். எந்தச் சமுதாயம் என்பதை இரண்டாம் படியில் கற்றிருப்பீர்கள்.

ஒரு கூடுகைக்கு 7 முதல் 12 வசனங்கள் போதும். புயலை அமர்த்திய நிகழ்ச்சி (மாற்கு 4:35-41), சகேயு (லூக்கா 19:1-10) போன்றவை தாமாகவே தொடங்கி முடிகின்றன. நிருபங்களை முதலில் எடுக்காதீர்கள். ஒரு வாதத்தின் நடுவில் நுழைந்தவர் முன்வாதம் தெரியாமல் தவிப்பார்.

6. கேள்விகளைத் தயாரியுங்கள்

வேதபாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் மிக அதிகமாக இடறுவதும் இங்கேதான். அவர்கள் பிரசங்கம் ஒன்றைத் தயாரித்து, அதன் தலைப்புகளுக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டுக்கொண்டு வருகிறார்கள். ‘இயேசு நம்மை நேசிக்கிறார் அல்லவா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்பதைத் தவிர விருந்தாளியிடம் வேறென்ன சொல்வார்கள்?

மூன்று அடுக்குகளாகக் கேள்விகளை அமையுங்கள். முதல் அடுக்கு, வசனத்தில் என்ன இருக்கிறது என்பது. இரண்டாவது, அது என்ன பொருள்படுகிறது. மூன்றாவது, இந்த வாரம் அதைக்கொண்டு என்ன செய்வது. வரிசையை மாற்றக் கூடாது. கண்ணால் பார்க்காததைக் குறித்துக் கருத்துக் கேட்டால், தம் பழைய எண்ணத்தையே ஒவ்வொருவரும் சொல்வார்.

மாற்கு 2:1-12-ஐ எடுத்துக்கொள்வோம். திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூட்டத்தினால் உள்ளே போக முடியாமல், வீட்டின் மேற்கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். முதல் அடுக்கில் நான் கேட்பவை: வீட்டில் யார் யார் இருந்தார்கள்? சுமந்தவர்கள் எத்தனை பேர்? படுத்திருந்தவர் இந்தப் பகுதியில் ஏதாவது பேசுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லாரும் மறுபடியும் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்ப்பார்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதைக் கண்டுபிடித்தவரின் முகத்தைப் பாருங்கள்; இனி அவர் தாமே வாசிப்பார்.

இரண்டாம் அடுக்கு: நடக்க முடியாதவரிடம் இயேசு ஏன் முதலில் பாவமன்னிப்பைப் பேசினார்? வேதபாரகருக்கு ஏன் கோபம்? ஐந்தாம் வசனத்தில் ‘அவர்கள் விசுவாசம்’ என்று வருகிறதே, யாருடையது? குடும்பமாகவே முடிவெடுக்கும் சமுதாயங்களில் இந்தக் கேள்வி ஒரு முழு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன், எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாம் அடுக்குக்கு ஒரே கேள்வி போதும்: இதைக் கேட்டபின் இந்த வாரம் நீங்கள் செய்யப்போவது என்ன? பதில் சிறியதாக, நாளும் ஆளும் குறிப்பிட்டதாக இருக்கட்டும். ‘அதிகமாய் ஜெபிப்பேன்’ என்பதைவிட ‘பேசாமலிருக்கும் என் அண்ணனை வியாழக்கிழமை கூப்பிடுவேன்’ என்பது நல்லது, ஏனெனில் அடுத்த வாரம் அதைக் குறித்து விசாரிக்க முடியும்.

மொத்தம் ஏழு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். கலைந்துபோன அந்த முதல் குழுவுக்கு நான் வாரந்தோறும் பதினான்கு கேள்விகளோடு போனேன்.

7. முதல் கூடுகை

நான்கு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. பத்தைத் தாண்டினால் பேசுவோர் மூவராகவும் கேட்போர் மற்றவராகவும் பிரிந்துவிடுவார்கள். கூடும் இடம் கூடியவரை உள்ளூர்க்காரர் ஒருவரின் வீடாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் கூடினால் நீங்கள் விருந்தளிப்பவர், அவர்கள் விருந்தினர், அந்த உறவு எளிதில் மாறாது.

என்ன நடக்கப்போகிறது என்பதை முன்னதாகவே மறைக்காமல் சொல்லுங்கள். மொழி வகுப்பு என்று அழைத்து வேதாகமத்தைத் திறப்பது ஏமாற்று. அதற்கு ஊழியம் என்று பெயரிட்டால் குற்றம் குறைந்துவிடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் வருவதானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வறுமையிலோ, அகதி நிலையிலோ, உங்கள் உதவியை நம்பியோ இருப்பவரிடம், வந்தாலும் வராவிட்டாலும் உதவி நிற்காது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கூடுகையின் நடையை எல்லா வாரமும் ஒன்றாகவே வையுங்கள். முதலில் நலம் விசாரிப்பும் கடந்த வாரத் தீர்மானமும். பிறகு பகுதியை ஒருவர் சத்தமாக வாசிப்பார். இன்னொருவர் மறுபடி வாசிப்பார். மூன்றாமவர் புத்தகத்தை மூடி, நிகழ்ச்சியைத் தம் வார்த்தைகளில் சொல்வார். விட்டதை மற்றவர்கள் நிரப்புவார்கள். அதன்பின் கேள்விகள். எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால், மூன்றாமவராக அவரையே கேட்கலாம். பலமுறை அவர்தான் மிகச் சரியாகச் சொல்வார்.

‘புரிகிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். புரியவில்லை என்று சொல்வது சொல்பவருக்கோ உங்களுக்கோ அவமானம் என்று எண்ணப்படும் இடங்களில், விடை எப்போதும் ‘புரிகிறது’ என்பதுதான். மீண்டும் சொல்லச் சொல்வதே உண்மையைக் காட்டும்.

கேள்வி கேட்டபின் மௌனம் விழும். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு அது யுகமாய்த் தோன்றும். ஆனால் சில சமுதாயங்களில் உடனே பதில் சொல்வது யோசிக்காமல் பேசுவதாகும். மூன்றாவது நொடியிலேயே மிஷனெரி பதிலைச் சொல்லிவிட்டால், இவர் எப்படியும் சொல்லிவிடுவார் என்று குழு கற்றுக்கொள்ளும். பிறகு நூறு வரை எண்ணினாலும் பயனில்லை.

8. மொழிபெயர்ப்பாளரோடு பணியாற்றும்போது

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அறுபது நிமிடம் முப்பதாகிவிடும், கேள்விகளைப் பாதியாக்குங்கள். வேதபகுதியையும் கேள்விகளையும் இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்து, இடறலான சொற்களைச் சேர்ந்து பேசிக்கொள்ளுங்கள். கூடுகையில் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் பேசுங்கள். அவரைப் பார்க்காமல் குழுவினரைப் பார்த்துப் பேசுங்கள். ஒருவர் நீளமாகப் பேசிய பதிலை அவர் ‘சம்மதம் என்கிறார்’ என்று சுருக்கினால், பணிவோடு முழுவதையும் கேட்டு வாங்குங்கள்.

9. பதில் சொல்ல முடியாத கேள்வி வரும்போது

சில மாதங்களில் அது வரும். வேதாகமம் அறியாமலே இறந்த என் தாத்தா எங்கே? இந்த இறைச்சியை நான் உண்ணலாமா? மூதாதையர் சடங்கில் நான் நிற்காவிட்டால் என் தாயார் அழுவாரே, என்ன செய்ய? மேசை மேல் வேதாகமத்தை வைத்துக்கொண்டு வந்த வேகத்தில் தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும்.

சொல்லாதீர்கள். கேள்வியை எல்லாரும் பார்க்கும் ஒரு தாளில் எழுதி, இதைக் குறித்து எந்தப் பகுதியை வாசிக்கலாம் என்று பார்த்து வருவதாகக் கூறுங்கள். உணவைப் பற்றியதானால் 1 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரத்தை அடுத்த வாரம் சேர்ந்து வாசிக்கலாம். சடங்கைப் பற்றியதானால் உள்ளூர் மூப்பரின் முன் கேள்வியை வையுங்கள். அந்தத் தாயாரோடு ஒரே தெருவில் அவரும் வாழ்கிறார், நீங்களோ இன்னும் சில ஆண்டுகளில் கிளம்பிவிடுவீர்கள்.

அந்நாட்டின் மதங்களையும் அரசியலையும் குறித்துக் குழுவில் ஏளனமாக ஒரு சொல்லும் வர வேண்டாம். குழுவினரே தொடங்கினாலும் நீங்கள் சேர்ந்துகொள்ளாதீர்கள். தன் வீட்டைத் தான் திட்டலாம், அடுத்தவன் திட்டினால் பொறுக்காது.

10. ஊருக்கு எழுதும் கடிதங்களும் பணமும்

அனுப்பிய சபைக்கும் ஜெபிப்பவர்களுக்கும் மாதம் ஒரு கடிதம் எழுதுவது கடமை. ஆனால் எதை எழுதுகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. என் ஆரம்பக் கடிதம் ஒன்றில், குழுவில் தம் குடும்பக் கஷ்டத்தைச் சொன்ன ஒரு பெண்ணின் முகம் தெரியும் படத்தைச் சேர்த்திருந்தேன். அது கைமாறிக் கைமாறி அவருடைய உறவினரின் கைபேசிக்கே வந்துவிட்டது. அவர் மறுபடி கூடுகைக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க நான் போன இரண்டு முறையும் வீட்டில் இல்லை என்றார்கள். பெயர், முகம், தெரு எதுவும் வேண்டாம். சம்மதம் பெற்றிருந்தாலும் ‘குழுவிலுள்ள ஒருவர்’ என்றே எழுதுங்கள்.

பணத்தில் ஒரே விதி: குழுவின் எந்தச் செலவும் உங்கள் பையிலிருந்து மட்டும் நடக்கும்படி விடாதீர்கள். தேநீர்ச் செலவானாலும் அவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பணத்தில் ஓடும் குழு உங்கள் விசா முடியும் நாளில் நின்றுவிடும்.

11. கையளித்தல்

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஆனால் தொடங்க வேண்டியது மூன்றாம் வாரத்தில். அந்த வாரம் தொடக்க ஜெபத்தையும் வாசிப்பவரைத் தெரிந்தெடுப்பதையும் ஒருவரிடம் கொடுங்கள். ஆறாம் வாரத்தில் முதல் அடுக்குக் கேள்விகளை அவர் கேட்கட்டும். மூன்றாம் மாதத்தில் முழுக் கூடுகையையும் அவர் நடத்த, நீங்கள் உறுப்பினராக அமருங்கள். தவறினால் அங்கேயே திருத்தாமல், மறுநாள் நடந்துபோகும்போது பேசுங்கள்.

பேச்சுத்திறன் உள்ளவரையே முதலில் தெரிந்தெடுப்பது வழக்கமான பிழை. நான் கவனிப்பது வேறு: மற்றவரைப் பேசவிடுகிறாரா, வாக்குக் கொடுத்த வேலையை முடிக்கிறாரா, வராதவரை விசாரிக்கப் போகிறாரா. முதல் குழு கலைந்த பின் நான் கற்றுக்கொண்ட மற்றொன்று, ஒருவரை மட்டும் பழக்காமல் இருவரைப் பழக்குவது; ஒருவர் ஊர் மாறினால் அடுத்தவர் இருப்பார்.

நான்காம் மாதத்தில், காரணம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் வேண்டுமென்றே போகாதீர்கள். அன்று இரவு தொலைபேசியில் அழைத்து விசாரிக்கவும் வேண்டாம். மறுவாரம் போய், நீங்கள் இல்லாத கூடுகையில் எந்தப் பகுதியை வாசித்தார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அந்த வாரம் அவர்கள் ஒன்றுகூடவே இல்லை என்றால், ஆறாம் படிக்குத் திரும்பிப் போய்க் கேள்விகளைக் குறையுங்கள்.